வெட்டிப் போடும் இரண்டு நொடி

பெயரைச் சொல்லி முடித்ததும்
இரண்டு நொடி அசையாமல் நிற்க வேண்டும்.
சென்னையில் எடிட்டர் கத்திரி வைக்க விடும் இடம் அது.
'வேலூரிலிருந்து, ஒளிப்பதிவாளர் ஜக்கரியாவுடன்,
கன்னியப்பன்.'
அப்புறம் ஒன்று, இரண்டு.
அந்த இரண்டும் எனக்கு.
இருபத்து மூன்று வருஷம்
யாரும் பார்க்காத கன்னியப்பனை
ஒற்றைக் கண்ணால் நான் பார்த்தேன்.

நேரமில்லை, கேமராமேன் பெயர் வேண்டாம் என்று
டெஸ்க் கத்திய நாட்களிலும்
என் பெயரைச் சொன்னார்.
கொஞ்சம் வேகமாக, அவ்வளவுதான்.

மே வந்தால் முட்டை.
கிரீன் சர்க்கிள் தாரில் உடைத்து ஊற்றி
'நூற்றெட்டு டிகிரி, கொதிக்கிறது வேலூர்' என்பார்.
முட்டை வேகாது. எந்த வருஷமும் வெந்ததில்லை.
எதிர்ச்சாரி ஓட்டலில் அரைவேக்காடாய் வாங்கிவந்து
தட்டோடு கவிழ்த்தவன் நான்.
பெயர் சொல்லி முடித்து
சிரிப்பை உதட்டுக்குள் மென்றுகொண்டு நிற்பார்.
ஒரு நாய் வந்து நக்கிவிட்டுப் போகும்.
அதையும் வெட்டிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் பதினொரு நாள்.
உள்ளே ஒரு தலைவர்.
கன்னியப்பன் சட்டைப்பையில் இரண்டு தாள்.
'நலமுடன் வீடு திரும்பினார்' என்பது ஒன்று.
மற்றது
மடித்த மடிப்பிலேயே வியர்வையில் ஒட்டிப்போயிருந்தது.
வங்காளத்துக்காரர் ஒருவர்
மருந்துச் சீட்டை நீட்டி ஏதோ கேட்டார்.
நேரலைக்கு நாற்பது நொடி.
மைக்கை என் கக்கத்தில் செருகிவிட்டு
அவரை ரத்த வங்கிவரை கூட்டிப்போனார்.
சென்னை கூப்பிட்டது, கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.
நான் ஒரு வேப்பமரத்தைக் காட்டினேன்.

விசாரத்துக்கு அந்தப் பக்கம்
தோல் கம்பெனித் தொட்டியில் இறங்கினவர்கள் மூன்று பேர்.
ஒருவன் பெண்டாட்டி, இருபது வயசிருக்கும்,
அவன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.
பைட் வாங்கு, பைட் வாங்கு என்று காதுக்குள் குரல்.
வாங்கினார். அதை நான் மறைக்க மாட்டேன்.
'உங்களுக்கு எப்படி இருக்கு' என்று கேட்டார்.
'உனுக்கு எப்டி கீது?' என்றாள்.
அது ஒளிபரப்பாகவில்லை.
அன்றைக்குப் பெயர் சொன்ன பிறகு
ஒன்று, இரண்டு என்று ஏழுவரை எண்ணினேன்.
நான் நிறுத்தவில்லை.
அவர் கண்ணும் இறங்கவில்லை.

பாலாற்றுப் பாலத்தில் எத்தனை தடவை நின்றோம்.
'வறண்டு கிடக்கும் பாலாறு'
அவர் நாக்கில் மணலாய்ப் படிந்திருந்தது.
இரு கரையும் முட்டித் தண்ணீர் போன நவம்பரில்
குடையும் இல்லாமல் நின்று நேரலையில் சொன்னார்:
'வறண்டு கிடக்கும் பாலாற்றில் வெள்ளம்.'
ஊரே சிரித்தது. மீம் போட்டார்கள்.
எனக்கு அதில் பிழை தெரியவில்லை.

போன மாதம் மைக் தலையில் மாட்டும் சேனல் பெட்டியைத்
திருப்பி அனுப்பச் சொன்னார்கள்.
கூரியர் செலவு அவருடையது.
கேமராவை எடுத்துப்போக வேன் வந்தது.
இனிமேல் ஒரு செல்போன், ஒரு குச்சி, ஒரு பையன்.
நல்ல பையன்தான். சுறுசுறுப்பு.
பெயர் சொன்ன கையோடு
தானே விரலை நீட்டி அணைத்துவிடுகிறான்.

நேற்று காட்பாடி ஸ்டேஷன் எதிரே டீ.
மகளுக்கு வந்த வரன், சர்க்கரை இருநூற்றுப் பத்து,
இன்னும் வராத பி.எஃப்.
எல்லாம் சொல்லி முடித்தார்.
முகத்தில் வெளிச்சம் விழும் பக்கமாக நின்றிருந்தார்,
பழக்கம்.
சொல்லி முடித்தும் கிளாஸைக் கீழே வைக்கவில்லை.
என்னையே பார்த்தபடி, அசையாமல்.
என் இடது கண் தானாக மூடிக்கொண்டது.
ஒன்று.